சவேதாவின் நூற்றெட்டாம் சங்கீதம்

சவேதாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத இந்த ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. ஆனாலும், "கோயிலுக்கு நூறு வயசு ஆகுது, ஒரு புத்தகம் போடுறோம். சாவு வீட்டுல பைபிள் சங்கீதம் வாசிக்கிற சவேதாவப் பத்தி யாரு எழுதித் தருவீங்க?" என்று புதுப் பாதிரியார் கேட்டபோது, சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். சிரிப்பை வேறு அடக்கிக்கொண்டார்கள். "தொம்னிக்கா எழுதட்டும் சாமி. சவேதா மொகத்துல முழிக்காம அவளுக்குப் பொழுது விடியாது" என்றார் எங்கள் கோயில் பாடகர் ஆர்த்திமோன். அந்தக் கிழவருக்கு எப்போதும் குத்தல் பேச்சுதான். சரி, எழுதுகிறேன். அச்சில் போடுவதும் அடுப்பில் போடுவதும் பாதிரியார் பாடு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவேதா எனக்குத் தோழி இல்லை. இன்று காலையில்கூட என் நாயைப் பார்த்து, "ஒன் எசமானி மாதிரியே ஒனக்கும் மூஞ்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலி. வேலியிலிருந்து அவள் சமையலறைச் சன்னல் பத்து எட்டு தூரம். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். இத்தனை வருஷத்தில் அவள் தும்மலுக்கு ஒரு தடவைகூட நான் "ஆண்டவர் காப்பாற்றட்டும்" என்று சொன்னதில்லை.

அவள் மேற்பள்ளத்தாக்கிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாலாம் வகுப்போடு தகப்பன் அவளை ஆட்டு மந்தைக்குப் பின்னால் அனுப்பிவிட்டான். அதனால் இன்றைக்கும் ஒவ்வோர் எழுத்தாக விரலால் தொட்டுத்தான் வாசிப்பாள். வாய் மட்டும் பெரிய படிப்புப் படித்த வாய். புருஷன் கவ்ரில் காட்டில் மரம் வெட்டுகிறவன். ஆள் கதவு உயரம். குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்கவைத்துத் தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவாள். பிறகு திட்டிக்கொண்டே அவளே துடைத்தும் விடுவாள். பிள்ளை இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிள்ளை மாதிரி வளர்த்துக்கொண்டு கிடந்தார்கள். இதையெல்லாம் நான் பொறாமையோடுதான் பார்த்தேன். எனக்கு வாய்த்த நிக்கனோர் பேசாமடந்தை. அவனும் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான்.

நிக்கனோரைப் புதைத்த அடுத்த வசந்தத்தில் கவ்ரில் வேலியைப் பிடுங்கி, இரண்டு எட்டு என் பக்கம் தள்ளி நட்டான். அந்த இரண்டு எட்டுக்குள் என் பிளம் மரம் நின்றது. என் மகன் யுஸ்டின் அப்போது பட்டாளத்தில் இருந்தான். வீட்டில் ஆம்பிளை இல்லை என்கிற தைரியம்தான், வேறென்ன? போய்க் கேட்டேன்.

"எங்க தாத்தா காலத்துல வேலி இங்கதான் இருந்துச்சு" என்றான் கவ்ரில்.

"ஒங்க தாத்தா காலத்துல ஒங்க தாத்தாவும்தான் இருந்தாரு. எங்கே அவரு?" என்றேன்.

சவேதா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் கை. "மரம்தானே வேணும்? வேரோட புடுங்கிக்கிட்டுப் போடி. யாரு வேணாங்குறா?"

என் வயிறு எரிந்தது. எங்கள் பக்கத்தில் வயிறு எரிந்தவர்கள் கோர்ட்டுக்குப் போவதற்கு முன் சங்கீதப் புத்தகத்துக்குப் போவார்கள். நூற்றெட்டு என்று சொன்னால் போதும், பால்குடி மறக்காத பிள்ளைக்கும் புரியும். அது சாபச் சங்கீதம். நாற்பது காலை, வெறும் வயிற்றில், மெழுகுவர்த்தியைத் தலைகீழாகப் பிடித்துக் கொளுத்தி, எதிரியின் பெயரைச் சொல்லி வாசிக்கவேண்டும். பாதிரியார்கள் பிரசங்கத்துக்குப் பிரசங்கம் திட்டுவார்கள். சங்கீதம் பாடிய தாவீது ராஜா அழுத கண்ணீரை எடுத்துச் சூனியம் செய்கிறீர்களே, உருப்படுவீர்களா என்பார்கள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து வாசிப்போம்.

ஆர்த்திமோனிடம், மனசு சரியில்லை அண்ணே என்று சொல்லிக் கோயில் சங்கீதப் புத்தகத்தை இரவல் வாங்கினேன். கவ்ரில் பெயரைச் சொல்லி வாசித்தேன். அவன் நாட்கள் குறுகிப் போகட்டும். அவன் வேலையை வேறொருவன் எடுத்துக்கொள்ளட்டும். அவன் மனைவி விதவையாகட்டும். அந்த வரி வரும்போது மட்டும் இரண்டு தடவை வாசிப்பேன். ஏன் மறைக்கவேண்டும்? வாசிக்க நன்றாக இருந்தது. நான் விதவை, அவளும் ஆகட்டுமே என்று இருந்தது.

இருபத்தொன்பதாம் நாள் கவ்ரில் வெட்டிய தேவதாரு தவறான பக்கம் சாய்ந்தது. நாலு பேர் அவனைத் தார்ப்பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சவேதா கத்தவில்லை. வாசலில் நின்று, "தண்ணி ஊத்துறேன், எந்திரி" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். என் வீட்டுக்குள் அது கேட்டது.

அந்த மெழுகுவர்த்தியை அடுப்பில் போட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில், தவக்காலத்தில் பாலாடைக்கட்டி தின்றதைச் சொன்னேன். நாத்தனாரைப் பன்றி என்று திட்டியதைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே நற்கருணை வாங்கினேன், வருஷா வருஷம். முழுப் பூசணிக்காயை மறைக்க முடியாது என்பார்கள். பதினொரு வருஷம் மறைத்தேன்.

அடுத்து நான் செய்தது இன்னும் கேவலம். கவ்ரிலின் ஒன்பதாம் நாள் சடங்குக்கு எல்லோரும் கல்லறைக்குப் போயிருந்தபோது, இரண்டு கூலியாட்களைப் பிடித்து வேலியைப் பழைய இடத்துக்கே மாற்றினேன். பயம் வந்தால் சிலர் அழுவார்கள். எனக்குக் கோபம்தான் வரும். என் பிறவி அப்படி.

சவேதா திரும்பி வந்து பார்த்தாள். கையில் கோதுமைப் படையல் கிண்ணம் அப்படியே இருந்தது.

"அடியே தொம்னிக்கா, அவன் குழி மண்ணு இன்னும் காயலடி."

"மண்ணு ஒன்னோடது. மரம் என்னோடது" என்றேன். என் நாக்கு அழுகட்டும், அப்படித்தான் சொன்னேன்.

"ஒனக்கு நூத்தெட்டு வாசிக்கிறேன் பாரு! நாப்பது நாளு இல்லடி. நான் உசிரோட இருக்குற நாளெல்லாம் வாசிப்பேன்."

மறுநாள் விடிவதற்கு முன்னமே தொடங்கிவிட்டாள். ஆர்த்திமோனிடம் புத்தகம் கேட்க அவளுக்கு ரோஷம். ஆட்சி மாறின வருஷம் ஒரு வேனில் சிலர் வந்து ஊர் முழுக்க பைபிளை இலவசமாகக் கொடுத்தார்கள் அல்லவா, 'மனந்திரும்பினவர்கள்' என்று நாம் கேலி செய்கிற அந்தச் சபைக்காரர்கள்? அந்தப் பைபிள் அவள் வீட்டு மேசையின் ஆடும் காலுக்கு அடியில் கிடந்தது. அதை உருவித் துடைத்து எடுத்துக்கொண்டாள். மேசை இன்றைக்கும் ஆடுகிறது.

சலவைத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, என் படுக்கையறையைப் பார்த்து நின்று வாசிப்பாள். பாதி முணுமுணுப்பு, ஒன்றும் விளங்காது. நடுவில் ஓர் இடத்தில் குரல் ஏறும். உடனே ஒரு செருப்பு வேலி தாண்டிப் பறந்து வரும். கவ்ரில் சேற்றுக்குப் போடும் ரப்பர் செருப்பு அது, இடது கால். கடைசியில், "மிதிச்சுப் போடுவாரு! எதிரிகள மிதிச்சுப் போடுவாரு!" என்று ஒரு கத்தல். பிறகு இறங்கிப் பசுவிடம் போய்விடுவாள். நூற்றெட்டில் செருப்பு எறிகிற வரி எதுவும் நான் படித்த ஞாபகம் இல்லை. அது அவள் சொந்தக் கைச்சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். சாபம் ஏறிய பொருளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கையால் தொடவும் கூடாது. அதனால் தினமும் அடுப்பு இடுக்கியால் அதைத் தூக்கி அவள் பக்கத்து வேலி முளையில் மாட்டிவிடுவேன். மறுநாளும் வரும்.

இப்படியே வருஷங்கள் போயின. என் பசுவுக்குக் கன்று வயிற்றிலேயே கலைந்தது, அவள்தான் என்றேன். ஆலங்கட்டி மழை என் உருளைக்கிழங்கை மட்டும் அடித்தது, அவள்தான். உண்மையில் எல்லோர் உருளைக்கிழங்கையும்தான் அடித்தது, ஆனால் கோபத்துக்குக் கண் உண்டா? யுஸ்டின் கல்யாணம் பண்ணிக்கொண்டு இத்தாலிக்கு லாரி ஓட்டப் போனதிலிருந்து தொலைபேசி மணி அடித்தாலே எடுக்கப் பயந்தேன். அவளுடைய ஒரே துணையை நான் எடுத்தேன். அவள் என்னுடைய ஒரே துணையைக் கேட்பாள். கணக்கு நேராகத்தானே இருக்கிறது?

என்னை இன்னும் எரியவைத்தது வேறு. சாபம் போடுகிறவள் கருகிப் போகவேண்டும், அதுதானே நியாயம்? இவள் தளிர்த்தாள்! கவ்ரில் போன புதிதில் படுத்த படுக்கையாகக் கிடந்தவள், பசு கத்தினாலும் எழாதவள், என்னைச் சபிப்பதற்காக விடியலில் எழுந்தாள். எழுந்ததோடு பால் கறந்தாள். கறந்ததோடு தோட்டத்தைக் கொத்தினாள். கன்னத்தில் சதை வைத்தது. பிறகு அந்தப் பைபிளில் முதலிலிருந்து பாதிவரை உள்ள சங்கீதங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க அதுதான் வேலை. நம் ஊரில் யாராவது செத்தால் அடக்கம் வரைக்கும் பக்கத்தில் நிறுத்தாமல் சங்கீதம் வாசிக்க ஆள் வேண்டும். ஆர்த்திமோனுக்குத் தொண்டை போனதும் அவளைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

தபால்காரன் மனைவி அவனை விட்டுப் போனபோது, அவன் கொட்டகையில் கயிறு கட்டியதை எல்லோரும் அறிவோம். சவேதா போய் அந்தக் கயிற்றை அறுத்து, அதிலேயே பைபிளைக் கட்டிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் முன்னால் உட்கார்ந்தாள். "கேளுடா முட்டாளே. இந்தச் சங்கீதம் குழியிலேந்து மேல ஏறி வந்த அப்பறம் பாடின பாட்டு இல்ல. குழிக்குள்ள கெடந்துக்கிட்டே கத்தின ஆளோட பாட்டு. கடசி வரைக்கும் வெளிச்சமே வராது இதுல. இருந்தும் கத்துறத நிறுத்தல பாரு. நீயும் உள்ள இருந்தே கத்து. காலையில நான் வந்து கேக்குறேன், கத்துனியா இல்லியான்னு." அவன் இன்றைக்கும் தபால் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

பழைய பாதிரியார் ஒருமுறை அவளிடம், சங்கீதத்தில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டார். "பாட்டு எழுதின அந்தத் தாவீது பொய் சொல்ல மாட்டாரு சாமி" என்றாள். "நாம கோயிலுக்கு வந்தா மொகத்தக் கழுவிக்கிட்டு நல்ல வார்த்தையா சொல்றோம். அவரு, 'என் எதிரி பல்ல ஒடைங்க ஆண்டவரே'ன்னு நேராக் கேக்குறாரு. ஒடைக்கிறதும் ஒடைக்காததும் ஆண்டவர் பாடுன்னு விட்டுட்டு, அடுத்த வரியில சாப்பிட வந்துடுறாரு. எனக்கு அது ஒத்துவருது." பாதிரியார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது யாருடைய பல் என்று எனக்குத் தெரியும்.

பதினோராம் வருஷம், தை மாதக் குளிரில், மருமகள் ஓல்ட்டியா தொலைபேசியில் அழைத்தாள். "அத்தே... லாரி கவுந்துடுச்சு. தலையில அடி. உசிரு இருக்கு. ஆனா கண்ணு தெறக்கல அத்தே, மூணு நாளாச்சு."

போக எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. போனாலும் என்ன செய்வேன்? பகல் முழுக்க அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக, சவேதாவின் படலைத் திறந்தேன்.

சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். துடுப்பைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

"வழி தவறிடுச்சா?"

"யுஸ்டினுக்கு அடிபட்டிருக்கு."

"கேள்விப்பட்டேன்."

"போதும் சவேதா. நிறுத்து. என்னக் கேளு, நான் தரேன். பிளம் மரத்த எடுத்துக்கோ, வேலிய எங்க வேணும்னாலும் நட்டுக்கோ. என்மேல வாசி. அவன் மேல வாசிக்காத. நூத்தெட்ட நிறுத்துடி, ஒன் கால்ல விழறேன்."

உண்மையிலேயே விழுந்தேன். என் முழங்கால் விறகுக் குவியலில் இடித்தது.

"எந்திரி. கால் வலிக்குதுன்னு அப்பறம் அதுக்கும் என்னத்தான் சொல்லுவ" என்றாள். களிச்சட்டியை இறக்கி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு பைபிளைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். அந்தப் பக்கம் அழுக்கேறி, கட்டைவிரல் பட்டுப் பட்டு ஓரம் கிழிந்திருந்தது. "ஒனக்கு நல்லா வாசிக்கத் தெரியுமே. வாசி. நான் தெனம் என்ன வாசிச்சேன்னு பாரு."

தலைப்பில் நூற்றெட்டு என்றுதான் இருந்தது. வாசித்தேன். கடவுளே, என் மனம் உறுதியாக இருக்கிறது, நான் பாடுவேன் என்று தொடங்கியது. யாழே எழுந்திரு, விடியலை நான் எழுப்புவேன் என்றது. உம்முடைய அன்பு வானத்துக்கும் மேலே பெரியது என்றது. மேலே போனேன். மோவாப் நாடு எனக்குக் கால் கழுவும் தொட்டி. ஏதோம் நாட்டின்மேல் என் செருப்பை எறிவேன். அங்கேதான் செருப்பு! கடைசி வரியில், எதிரிகளை அவரே மிதித்துப் போடுவார் என்று இருந்தது.

"இது சாபமே இல்லியே" என்றேன். "இது... இது துதிப்பாட்டு."

"வேன்காரங்க புத்தகத்துல எண்ணு ஒண்ணு தள்ளிப் போவுது. நம்ம கோயில் புத்தகத்துல நூத்தெட்டா இருக்கிறது இதுல நூத்தொம்பது. எனக்கு அது தெரியல. மோவாபும் ஏதோமும் யாருன்னும் தெரியல. ரெண்டுமே நீதான்னு நெனச்சேன். செருப்ப எறின்னு எழுதியிருந்துச்சு, எறிஞ்சேன்."

எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது, அழுகையும் சேர்ந்து வந்தது. பதினொரு வருஷம் யாருக்குப் பயந்து செத்தேன் நான்? பிறகுதான் உறைத்தது. 'தெரியல' என்றாளே, அப்படியானால் இப்போது தெரிந்திருக்கிறது.

"எப்பத் தெரிஞ்சுது?"

"மூணாம் வருசம். காட்டிலாகாக்காரரு செத்தாருல்ல? அங்க ஆர்த்திமோன் அண்ணன் கோயில் புத்தகத்தக் கையில குடுத்து, வரிசையா வாசின்னாரு. வாசிச்சுக்கிட்டே வரேன், நூத்தெட்டு வருது, வேற என்னமோ வருது. பொணத்துக்கு முன்னாடி நாக்கு ஒட்டிக்கிச்சு எனக்கு." அவள் விரல் பக்கத்தில் கீழே இறங்கியது. "வீட்டுக்கு வந்து இதப் பொரட்டினேன். பொரட்டவே வேண்டியதில்ல. பாரு. நான் தெனம் முடிக்கிற வரிக்குக் கீழயே ஒக்காந்திருக்கு."

பார்த்தேன். மிதித்துப் போடுவார் என்ற வரிக்குக் கீழே ஒரு விரற்கடை வெள்ளை. அதன் கீழே நூற்றொன்பது. என் சாபம். நான் தலைகீழ் மெழுகுவர்த்தியோடு வாசித்த அதே வார்த்தைகள்.

"அன்னிக்கே ஒம்பேர வச்சு வாசிக்க ஒக்காந்தேன், மூணு வருச வட்டியும் சேத்து. நடுவுல வந்துச்சு, அவன் பொண்டாட்டி விதவையாகட்டும்னு. விரலு அங்கயே நின்னுடுச்சு தொம்னிக்கா. இது நான்தானே? இது ஏற்கெனவே என்ன வந்து அடிச்சிருக்கே? யாரோ எம்மேல இத வாசிச்சிருக்காங்கன்னு அப்பத்தான் தோணுச்சு." அவள் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தையே பார்த்தாள். "அதோட கனம் எனக்குத் தெரியும். அத நாய்மேலகூட எறக்கி வைக்க மாட்டேன். அதனால மேலயே நிறுத்திக்கிட்டேன். ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. எனக்கு ஒன்னக் கண்டாலே ஆகாது. அந்த ஒரு வெரக்கடையத் தாண்டல, அவ்வளவுதான். எட்டு வருசமா, தெனமும்."

களி ஆறி மேலே தோல் படிந்துகொண்டிருந்தது. சவேதா பைபிளை மூடினாள்.

"இப்ப நீ சொல்லு. கவ்ரில் செத்த வருசம், அவன் மேல வாசிச்சது நீதானே?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. என் மகன் அங்கே கண் திறக்காமல் கிடக்கிறான். நான் ஆமாம் என்றால் அவள் அந்த விரற்கடையைத் தாண்டிவிடுவாள். தாண்டினால் நான் குறைசொல்ல முடியுமா? ஆனால் பொய் சொல்லி அவள் வாயைக் கட்டிவிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சியோடு கடவுளிடம் யுஸ்டினைக் கேட்பேன்? அந்தப் பொய்யும் அவன் தலையில்தானே போய் விழும்?

"நான்தான்" என்றேன். "இருபத்தொன்பது நாளு. அந்த வரிய ரெண்டு ரெண்டு தடவ."

சவேதா எழுந்தாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"அந்த மரம் என் மேலதான்டி சாஞ்சுது" என்றாள். பிறகு, "போ. எந்திரிச்சுப் போ."

போனேன்.

எப்படியோ விடிந்தது. கொல்லும் குளிர். குளிர்காலத்தில் அவள் தொட்டியில் ஏறமாட்டாள். சமையலறைச் சன்னலை மூடிக்கொண்டு உள்ளேயே வாசித்து, செருப்பு எறியவும் கத்தவும் மட்டும் சன்னலைத் திறப்பாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். விரல் நகர்ந்தது, உதடு அசைந்தது. ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. எதை வாசிக்கிறாள்? மேலே உள்ளதையா, கீழே உள்ளதையா? வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. நூற்றொன்பது நீளமானது, எனக்குத் தெரியும். ஓர் இடத்தில் விரல் நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆண்டவரே, அவ விரலப் பிடிச்சுக்கோங்க" என்றேன். சங்கீதம் எதுவும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சன்னல் திறந்தது. செருப்பு பறந்து வந்து என் நெற்றியில் விழுந்தது.

வலித்தது. நல்ல வலி. அந்த ரப்பர் குளிரில் கல்லாக இறுகியிருந்தது. நான் பனியில் அப்படியே உட்கார்ந்து, கவ்ரிலின் செருப்பை வெறுங்கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கீழே உள்ளதில் செருப்பு கிடையாது. மேலே உள்ளதில்தான் உண்டு.

"மிதிச்சுப் போடுவாரு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். "நல்லா மிதிப்பாரு!"

அந்த வாரமே பழைய பாதிரியாரிடம் போய்ப் பதினொரு வருஷப் பாவத்தைக் கக்கினேன். கவ்ரிலைக் கொன்றது மரம்தான், நீ இல்லை. ஆனால் அவனைக் கொல்லச் சொல்லிக் கேட்டவள் நீதான், அதற்கு அழு என்றார். மூன்று வருஷம் நற்கருணை கிடையாது என்றார். சரி என்றேன். ஒவ்வொரு காலையும் செருப்பு வந்தது. ஒவ்வொரு காலையும் கையால் எடுத்து முளையில் மாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை ஓல்ட்டியா அழைத்தாள். யுஸ்டின் கண் திறந்தான், தண்ணீர் கேட்டானாம். இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். ஆனால் நடக்கிறான். முக்காடுகூடப் போடாமல் வேலிக்கு ஓடினேன். சவேதா பால் வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

"சவேதா! கண்ணு தெறந்துட்டான்!"

அவள் நின்றாள். வாளியைக் கீழே வைத்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். போட்டு முடித்ததும் மறுபடி அந்தப் பழைய மூஞ்சி வந்துவிட்டது.

"நான் கேட்டேனா ஒன்ன?" என்றாள். "செருப்பு இன்னும் அங்கயே கெடக்குது பாரு. எடுத்து மாட்டு. நாளைக்கு வேணும்."